சோதினை முடியட்டும்

அந்த அக்கா "சாப்பிட்டிட்டீரோ?" என்று கேட்டால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். வேறு யாராவது கேட்டால் அது சாதாரண விசாரிப்பு. அவர் கேட்டால் ஏதோ செய்தி வந்திருக்கிறது என்று அர்த்தம். கேட்டுவிட்டு மேசை லாச்சியைத் திறந்து பிஸ்கற் பெட்டியை எடுத்தாரென்றால் செய்தி நல்லதல்ல. கேத்திலையும் போட்டாரென்றால் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான். எங்களோடு படித்த மன்னார் அண்ணை ஒருவர் இருந்தார். அக்கா நீட்டும் பிஸ்கற்றை அவர் தொடவே மாட்டார். "வேண்டாம் அக்கா, முதல்லை விசயத்தைச் சொல்லுங்கோ" என்று நின்றபடியே கும்பிடுவார். அக்கா சிரித்துக்கொண்டே பிஸ்கற்றை அவர் கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுவார்.

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்தில், தொங்குரயில் நிலையம் ஒன்றிலிருந்து ஐந்து நிமிட நடையில் அந்த மாலைக் கல்லூரி இருந்தது. பெயர்தான் மாலைக் கல்லூரி, காலையிலேயே திறந்துவிடுவார்கள். ஊரில் பாதியில் விட்ட படிப்பை வளர்ந்தவர்கள் திரும்பப் பிடித்துக்கொள்ளும் இடம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அங்கே எடுக்கலாம். அது கையில் இருந்தால் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக்கு இடம் கேட்கலாம். பயிற்சிக்கு இடம் கிடைத்தால் வெளிநாட்டவர் கந்தோரில் விசா புதுப்பிக்கப் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் எல்லாருடைய வாழ்க்கையும் இந்த மூன்று படியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்கு அங்கே மாணவர் உதவிப் பகுதியில் அரைநாள் வேலை. கோப்பி மெஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு ரெலிபோன். எங்களுக்குப் பத்து வருஷம் முந்தி வந்தவர். ஆள் குள்ளம். எந்தக் குளிரிலும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைக்குக் கீழே சேலைதான். டொச் என்கிற ஜேர்மன் மொழியில் அவருக்கு இலக்கணம் ஒன்றும் சரியாக இராது, ஆனால் குரல் பெரிது. திருத்தத் துணிந்த வாத்திமார் யாரையும் நான் கண்டதில்லை. துருக்கிக்காரர், போலந்துக்காரர், நாங்கள் என்று எல்லாரும் அந்த அறை வாசலில்தான் வரிசையில் நிற்போம். அரைநாள் வேலை என்றது சம்பளத்துக்கு மட்டுந்தான். ஆள் பின்னேரம் ஆறு மணிவரை அங்கேயே இருப்பார்.

திங்கட்கிழமைகளில் அவர் ஒரு தாள் ஒட்டுவார். கல்லூரி டொச்சில் வெளியிடும் செய்திகளைத் தமிழில் தன் கையெழுத்தில் எழுதி, போட்டோக்கொப்பி அடித்து, கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் நாலு மூலைக்கும் ஊசி குத்துவார். கணக்கு வாத்தியாருக்குக் காய்ச்சல், புதன் வகுப்பு இல்லை. பிள்ளை பார்க்கிற அறை இனி இரண்டாம் மாடியில். மாணவர் பஸ் பாஸுக்கு அன்ட்ராக் படிவம் போட வெள்ளிதான் கடைசி நாள், வெள்ளி பின்னேரம் வந்து என்னிடம் அழவேண்டாம். பழைய குளிர்ச்சட்டைகள் வந்திருக்கின்றன, பெரிய அளவு முடிந்துவிட்டது, சின்ன ஆட்கள் வரவும். இப்படித்தான் இருக்கும். சோதினை பாஸ் பண்ணினவர்களின் பெயரை மட்டும் சிவப்புப் பேனையில் எழுதுவார். யாருக்காவது பிள்ளை பிறந்தால் அதற்கும் சிவப்புத்தான். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று தன் பெயரைத் தடவிப் பார்த்த பெரிய மனுசர்களை எனக்குத் தெரியும்.

பெயிலானவர்களின் பெயரை எழுதமாட்டார். செத்தவர்களின் பெயரையும் எழுதமாட்டார். அந்த வருஷங்களில் ஊரில் சாவுக்கா குறைச்சல்? யாருடைய வீட்டிலாவது இழவு விழாத வாரமே இல்லை. "ஏன் அக்கா அதையும் போட்டா நாங்கள் போய் விசாரிக்கலாமல்லோ?" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

"கெட்டதைக் கடதாசியிலை குடுக்கப்படாது தம்பி. கடதாசி பக்கத்திலை இருந்து தண்ணி தராது."

அதுதான் அவருடைய சட்டம். நல்லதை எழுதலாம், ஒட்டலாம், ரெலிபோனில் கத்தலாம். கெட்டதை நேரில், ஆளை இருத்தி, வயிற்றில் ஏதாவது போன பிறகு, நேரம் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

நேரம் பார்ப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. மன்னார் அண்ணைக்கு டொச் வாசிக்க வராது. வருகிற கடிதத்தை உடைக்காமலே கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைப்பார். வாய்மொழிச் சோதினை நாளன்று காலையில் அப்படி ஒரு மஞ்சள் உறை வந்தது. அக்கா உடைத்து வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஒண்டுமில்லை, நீங்கள் போய்ச் சோதினையை முடிச்சுக்கொண்டு வாங்கோ, பிறகு ஆறுதலாப் பாப்பம்" என்று அனுப்பிவைத்தார். அது அண்ணையின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம். அண்ணை மேலே குடிநீர் சுத்திகரிப்பைப் பற்றித் திக்கித் திக்கிப் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அக்கா கீழே வக்கீலுக்கு ரெலிபோன் எடுத்து, மறுநாள் சந்திக்க டேர்மின் வாங்கி, மேன்முறையீட்டுக்கு வேண்டிய தாள்களை எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கியும் வைத்துவிட்டார். அண்ணை பாஸ் பண்ணிய சந்தோஷத்தில் இறங்கி வந்தபோது கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அவர் முதல்முதலாக அந்தப் பிஸ்கற்றைத் தின்றார். பிறகு எங்களிடம் சொன்னார்: "காலமை சொல்லியிருந்தா நான் மேலை ஏறியிருக்க மாட்டன்."

நாங்கள் எல்லாரும் அக்காவைப் புகழ்ந்தோம். நானும் புகழ்ந்தேன். மற்றவனுடைய செய்தியை ஒருவர் தன் லாச்சியில் வைத்திருப்பது சரிதானா என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. செய்தி என்னுடையதாக இருக்கவில்லை, அதனால்தான்.

அவருக்கு ஏன் இந்தப் பழக்கம் என்று பலரும் பல கதை சொல்வார்கள். ஊரில் அவர் ஏ.எல். சோதினை எழுதப் போனபோது மண்டப வாசலில் வைத்தே யாரோ அண்ணனின் சாவைச் சொன்னார்களாம், அப்படியே திரும்பிப் போனவர் பிறகு பேனையே எடுக்கவில்லையாம். உண்மையோ பொய்யோ தெரியாது. அவரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒரே ஒருமுறை, தாளுக்கு ஊசி குத்திக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "எனக்கு ஒருத்தரும் நேரம் பாக்கேல்லை" என்றார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

என் கதைக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் முழுவதும் வெளிக்கிட்ட பிறகு என் அம்மாவும் தங்கச்சியும் வன்னிக்குப் போய், அங்கிருந்து அடுத்த வருஷம் வவுனியாவுக்கு வந்து ஒரு முகாமில் இருந்தார்கள். அப்பா எப்போதோ போய்விட்டார். நான் இருந்த அகதி விடுதியில் ரெலிபோன் இல்லை. எங்களில் பாதிப் பேர் செய்த காரியத்தைத்தான் நானும் செய்தேன், அக்காவின் அறை நம்பரை வீட்டுக்கு எழுதி அனுப்பினேன். 'அவசரம் எண்டால் இதுக்கு அடியுங்கோ, அக்கா எனக்குச் சொல்லுவா' என்று.

சோதினை திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று நாள். கணக்கு, டொச், கடைசியாகச் சமூகக்கல்வி. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் எனக்குப் பயிற்சி இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், சான்றிதழைக் கொண்டுவந்தால். விசா அந்த மாதக் கடைசியில் முடிகிறது. இரண்டாம் தரம் எழுத எனக்கு அவகாசம் இல்லை. இது அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நான் கல்லூரியின் இரண்டாம் மாடி வாசிப்பறையில் இருந்து டொச் கட்டுரைகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டி அக்கா மேலே வந்தார். அவருக்கு முழங்கால் வருத்தம், படியேறி வரவேமாட்டார். ஒரு சோற்றுப் பெட்டியை என் மேசையில் வைத்தார். அது அவருடைய மத்தியானச் சாப்பாடு என்று பெட்டியைப் பார்த்தே தெரிந்தது.

"சாப்பிட்டிட்டீரோ தம்பி?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். "ஏன் அக்கா? ஏதும் செய்தியோ?"

"இல்லை" என்றார். "படிக்கிற பிள்ளை சாப்பிடவேணும் எண்டுதான்."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நான் சாப்பிடுவதைப் பார்த்தார். நான் இடக்கையால் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டு வலக்கையால் அள்ளி விழுங்கினேன். அவர் சொன்னால் அது உண்மைதானே. இல்லை என்றால் இல்லைதான்.

வெள்ளிக்கிழமை கடைசிச் சோதினை முடிந்து இறங்கி வந்தேன். அறைக் கதவு திறந்திருந்தது. பிஸ்கற் பெட்டி மேசையில். கேத்தில் ஏற்கெனவே கொதித்து அணைந்திருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஆர் அக்கா?"

"இரும் தம்பி."

"ஆரெண்டு சொல்லுங்கோ."

"அம்மா" என்றார். "நேற்று விடிய. ஆசுப்பத்திரியிலை. தங்கச்சி பக்கத்திலை இருந்தவ."

நான் இருந்தேன். அவர் தேத்தண்ணியை என் கையில் பிடிப்பித்து, தன் இரண்டு கையாலும் என் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே விட்டிருந்தால் நான் அழுது முடித்து, அவர் தோளில் சாய்ந்துகூட இருப்பேன். ஆனால் அவர் மறைக்கிற ஆள் இல்லை. நேரம் வந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ஆள்.

"செவ்வாய்க்கிழமை அம்மா ரெலிபோன் எடுத்தவ. ஆசுப்பத்திரிக்கு முன்னாலை உள்ள கடையிலை இருந்து."

"அம்மாவோ? அம்மாவே கதைச்சவவோ?"

"ஓம்."

"எத்தினை மணிக்கு?"

"பன்னிரண்டு இருக்கும்."

"நான் மேலை இருந்தனான்."

"ஓம் தம்பி."

"தெரிஞ்சுகொண்டுதான் வந்து சோறு வைச்சனீங்களோ? இல்லை எண்டனீங்களோ?"

அவர் என் கையை விடவில்லை. "அம்மா வந்து தம்பி, என்னட்டை…" என்று தொடங்கினார்.

நான் கோப்பையைத் தட்டிவிட்டேன். தேத்தண்ணி அவர் சேலையில் கொட்டியது. "இனி அம்மா எண்ட சொல்லை உங்கடை வாயிலை எடுக்காதையுங்கோ" என்று கத்தினேன். வெளியே வரிசையில் நின்ற துருக்கிப் பெண்கள் விலகி எனக்கு வழி விட்டார்கள்.

இரண்டு மாடி. நாற்பது படி இருக்குமா? கூப்பிட்டிருந்தால் நான் பாய்ந்து இறங்கியிருப்பேன். ஐந்து வருஷமாகக் கேட்காத குரலை ஒரு நிமிஷம் கேட்டிருப்பேன். அதன்பிறகு புதன்கிழமைச் சோதினையை எழுதியிருப்பேனா என்று என்னிடம் கேட்டால், மாட்டேன் என்றுதான் சொல்வேன். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது.

பாஸ் பண்ணினேன். முடிவு வந்த திங்கட்கிழமைத் தாளில் என் பெயர் முதலாவதாக, சிவப்பில் இருந்தது. அந்தத் தாளை ஊசியோடு பிய்த்துக் கசக்கிக் குப்பையில் போட்டேன். அறைக்குள் இருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. அதே நாள் பின்னேரம் அந்த இடத்தில் இன்னொரு பிரதி ஒட்டியிருந்ததாக மன்னார் அண்ணை சொன்னார்.

அந்தச் சான்றிதழில்தான் பயிற்சி கிடைத்தது, பயிற்சியில்தான் விசா கிடைத்தது, இன்றைக்கு நான் சாப்பிடுகிற சோறு அதில்தான் வருகிறது. முதியோர் இல்லத்தில் யாருக்காவது மூச்சு மாறினால் பிள்ளைகளுக்கு உடனே ரெலிபோன் எடுக்கவேண்டும் என்று நிற்கிற ஆள் நான். விடியட்டும் என்பார்கள், மகள் வேலையில் இருப்பாள் என்பார்கள். எனக்கு அந்தக் கதை எதுவும் ஏறாது. அந்தப் பிடிவாதத்தில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அவரைப்போல நான் இல்லை என்கிற பெருமை.

அவர் என்னைத் தேடி இரண்டு தரம் வந்தார். ஒருமுறை தொங்குரயில் நிலையத்தில். படிகளை ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும். ஒருக்கா வீட்டை வாருமன், ஆறுதலா இருந்து கதைப்பம்" என்றார்.

"உங்களுக்கு நேரம் வந்தபோது சொன்னீங்கள்தானே, அது போதும்" என்றேன். ரயில் வந்தது, ஏறிவிட்டேன். கதவு மூடும்வரை அவர் அதே இடத்தில் நின்றார். என் வாயில் வந்த பதிலை நினைத்து அன்று முழுவதும் ஒரு திருப்தி இருந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

மற்றமுறை நான் வேலை செய்த இல்லத்துக்கே வந்தார். யன்னலால் கண்டுவிட்டு, நான் லீவு என்று சொல்லும்படி கூட வேலை செய்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன். வரவேற்பறையில் அரை மணித்தியாலம் காத்திருந்துவிட்டுப் போனாராம். ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்று அவள் தாளும் பேனையும் கொடுத்தாளாம். "வேண்டாம், எழுதுற விசயம் இல்லை" என்றுவிட்டாராம்.

தொண்ணூற்றொன்பதில் அவர் போய்விட்டார். வயிற்றில் புற்றுநோய். அதுவும் தை மாதமே தெரிந்ததாம். வைகாசியில் அந்த வருஷத்துப் பிள்ளைகள் கடைசிச் சோதினையை எழுதி முடிக்கும்வரை கல்லூரியில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. அதுவரை திங்கட்கிழமைத் தாள் ஒன்றுகூடத் தவறவில்லையாம். பிறகு ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டு, இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, தன் செய்தியைத் தானே சொல்லியிருக்கிறார். என்னையும் கூப்பிடச் சொன்னாராம். மன்னார் அண்ணை வந்து சொன்னார். "போவம்" என்றேன். பயிற்சியின் கடைசிச் சோதினை எனக்கு ஆனியில் இருந்தது, அது முடியட்டும் என்று நினைத்தேன். அவர் அதற்கு முதல் கிழமையே போய்விட்டார்.

செத்தவீட்டுக்குப் போனேன். கடைசி வரிசையில் நின்றேன். நாலு மொழியில் அழுகை கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. முகத்தைப் பார்க்கப் பக்கத்தில் போகவும் துணிவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்தேன். அம்மா போன பிறகு அவள் முகாமில் கலியாணம் செய்து, புருசனோடு திரும்ப வன்னிக்குப் போய், அந்த வருஷந்தான் கொழும்புக்கு வந்திருந்தாள். நடுவில் எங்களுக்குள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதந்தான். வந்து சேர்ந்தது பாதி, சேராதது பாதி. அந்தக் கல்லூரி அக்கா செத்துப்போனா என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

தங்கச்சி அழத் தொடங்கினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "நீ ஏன் அழுறாய்? அவவாலைதான் நான் அம்மாவோடை கதைக்கேல்லை" என்றேன்.

"என்ன அண்ணா சொல்லுறாய்? அம்மாதான் உன்னைக் கூப்பிட வேண்டாம் எண்டவ."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்த அக்கா உன்னைக் கூட்டிக்கொண்டு வாறன், கொஞ்சம் லைனிலை நில்லுங்கோ எண்டுதான் சொன்னவ. அம்மா விடேல்லை. 'என்ரை குரலைக் கேட்டா அவன் சோதினைக்குப் போகமாட்டான், முடியட்டும் பிள்ளை, எனக்குச் சத்தியம் பண்ணித் தா' எண்டு கேட்டவ. பிறகு என்னைக் கடைக்கு வெளியிலை போய் நிக்கச் சொல்லிப்போட்டு, பத்து நிமிஷம் அவவோடை கதைச்சவ. வெளியிலை வரேக்கை அம்மாவின்ரை முகம் தெளிஞ்சு இருந்தது அண்ணா. 'சொல்லவேண்டியதெல்லாம் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லிப்போட்டன், அவள் அவனுக்குச் சொல்லுவாள்' எண்டு சொல்லிக்கொண்டு நடந்தவ."

ரெலிபோன் வயரை நான் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது.

"நான் கேக்கேல்லை அண்ணா. உனக்குச் சொன்னது, நீயா ஒருநாள் எனக்குச் சொல்லுவாய் எண்டு இருந்திட்டன்" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "என்ன சொன்னவ அம்மா?"

"தெரியாது."

"அவ உனக்குச் சொல்லேல்லையோ?"

"சொல்ல வந்தவ. நான் விடேல்லை."

அந்தப் பக்கத்தில் தெருச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு போனது. பிறகு தங்கச்சி மெல்லக் கேட்டாள்:

"அப்ப இனி அதை ஆரிட்டைக் கேக்கிறது அண்ணா?"